தரவைப் புழுதி

என் மகளுக்கு இழுப்பு. மூச்சுக்குத் தவிக்கும்போது அவளுடைய தொண்டைக்குழி உள்ளே போய்வருவதைப் பார்த்தால், யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வரும். எங்கள் வீடு கொடிகாமத்துக்கு அங்கால், தரவையோரம் இருக்கிறது. மரமில்லாத உவர்ப் புல்வெளி அது. இந்த வருடச் சோளகக் காற்றில் புல் காய்ந்ததும் அங்கிருந்து சாம்பல் புழுதி கிளம்பி, யன்னல் சீலையிலெல்லாம் படிந்தது.

காற்றில் மட்டும் பழியைப் போட நான் ஆளில்லை. போன வருடமும் இதே சோளகம்தானே அடித்தது? அதுவும் கூரைத் தகரம் கிடுகிடுக்கிற நாளில் மேசை துப்புரவாக இருக்கும். மெல்லிய காற்று வீசுகிற இன்னொரு நாளில் அதே மேசையில் விரலால் பெயர் எழுதலாம். யாரோ களவாக ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

முதலில் கண்ணில் பட்டவர் அங்கே மாடு மேய்க்கிறவர். நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, உங்கடை மாடுகள்தானே மண்ணைக் கிளறுது? என்ரை பிள்ளை மூச்சுவிட ஏலாமல் கிடக்கிறாள்."

"இல்லைத் தங்கச்சி. போன மழையோடை மண் பொருக்குப் பிடிச்சுக் கிடக்கு. மாடு நடந்தால் அங்கையொண்டு இங்கையொண்டாய்த்தான் உடையும். உது வேறை ஏதோ பாரமானது ஏறுற வேலை."

"ஓமோம், நல்லாய்க் கதைக்கிறியள்!"

மனிதர் சண்டைக்கு வரவில்லை. மாடுகளைத் தூரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குற்றமில்லாதவர் இப்படிப் பேசாமல் போவாரா என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

மாடுகள் போயும் புழுதி போகவில்லை. மகளுக்குப் புழுதி ஆகாது என்று, இந்த வருடம் சோளகம் தொடங்க முதலே நான் கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் லொறியில் தண்ணீர் எடுப்பித்து, வேலையால் வந்ததும் முற்றம் முழுக்கத் தெளித்து வந்தேன். ஒரு லீவு நாளில் குடையோடு தரவைக்குள் இறங்கினேன். காலடியில் பொருக்கு அப்பளம்போல் இறுகிக் கிடந்தது. கொஞ்சத் தூரத்தில் அகலமான ஒரு வெள்ளைத் தடம். அதில் கால் வைத்ததும் செருப்பு மாவுக்குள் புதைந்தது. சக்கரம் நொறுக்கிய தூளைக் காற்று அள்ளி முடித்தால் புழுதி ஓரிரு நாள் ஓயும், அடுத்த தடவை வண்டி ஏறியதும் மறுபடியும் கிளம்பும். ஆகா, பிடித்துவிட்டேன் கள்ளனை!

தடத்தோடு விறுவிறென்று நடந்தேன். அது எங்கள் வீட்டுப் பின்படலையில் போய் நின்றது.

பவுசர்காரனுக்குப் போன் அடித்தேன். "தரவைக்குள்ளாலையோ வாறனீர்?"

"ஓம் அக்கா. றோட்டாலை வந்தால் சுத்து. நீங்கள்தானே கெதியா வா எண்டு சொன்னனீங்கள்."

வெட்கத்தில் காது சுட்டது. புழுதியை அடக்க நான் எடுப்பித்த தண்ணீர்தான் ஒவ்வொரு தடவையும் புழுதியைக் கிளப்பியிருக்கிறது. மாட்டுக்கார அண்ணையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டியை நிப்பாட்டினாலும் காணாது, தங்கச்சி. அடிமண்ணே தூளாய்ப் போச்சு, இனி மழை கண்டால்தான் இறுகும்," என்றார்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அவ்வளவு நாளும் மகளைப் புழுதியில்லாத இணுவிலில் என் அக்கா வீட்டில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. உடுப்புகளை அடுக்கும்போது அவள் கட்டிலில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் என்ன பிழை செய்தனான்? ஏன் என்னை அனுப்பிறீங்கள்?"

"நீ ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை," என்றேன். "நான்தான் செய்தனான்."