சிவப்பி முட்டிய வேலி

சிகந்தராபாத்தை ஒட்டிய போவன்பள்ளியில் எங்களுக்கிருந்த நிலத்தில் ஏர் பூட்டியதே இல்லை. ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட கொள்ளுத்தாத்தா காலம் தொட்டு அது மாடுகளின் நிலம். முள்வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு துண்டில் மேய்ந்த மாடுகள் நாலைந்து நாளில் அடுத்ததற்குப் போய்விடும். பின்னாலேயே ஆடுகள் வரும். சாணியும் புழுக்கையும் விழுந்த இடத்தில் மறுபடி புல் தழைக்கும்வரை எதுவும் அங்கே வாய் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் பாறை நிறைந்த மேட்டிலும், கோடையில் குளத்தையொட்டிய பள்ளத்திலும் மந்தை சுற்றிச் சுற்றி வரும். நிஜாம் ஆண்ட காலம் அது; எங்கள் தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும். எங்கள் பாலைக் குடித்துத்தான் சிகந்தராபாத் ரயில்வே குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பார் அப்பா. மீதிப் பாதி என்ன குடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா, சித்தப்பாவைக் கேட்காமல் பொலிகாளையை விற்றுவிட்டார். தாயில்லாக் கன்றாக இருந்த அதற்கு மூங்கில் குழாயில் பால் புகட்டி வளர்த்தவர் சித்தப்பா.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டியாண்ணே? இனிமே உன் சங்காத்தமே நக்கோ, வேணாம்!"

அந்த வாரமே நிலத்தின் நடுவில் புது முள்வேலி எழுந்தது. மேடு சித்தப்பாவுக்கு, பள்ளம் எங்களுக்கு. மாடுகளும் பிரிந்தன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

கோடையில் சித்தப்பாவின் மாடுகள் காய்ந்த மேட்டில் கல்லை நக்கின. அப்பா வேலியோரம் நின்று பார்ப்பார், கூப்பிடமாட்டார். சித்தப்பாவும் கேட்கமாட்டார். மழை பிடித்ததும் நிலைமை தலைகீழானது. மேட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல். எங்கள் மாடுகளோ சேற்றிலேயே நின்று, குளம்பிடுக்கில் புண் வந்து நொண்டின. அப்பா வேப்பெண்ணெய் தடவித் தடவி ஓய்ந்துபோனார். "எல்லாத்தையும் வித்துட்டு ஆற்காட்டுக்கே போயிடலாம்" என்று அவர் சொன்னபோது அம்மா எழுந்து சித்தியின் அடுப்புப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை பார்த்தால், இரண்டு மந்தையும் மேட்டில் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. நடுவேலியில் பத்தடி காணோம். பிடுங்கிய முள்ளெல்லாம் ஓரமாக, வெகு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது.

சித்தப்பா கம்போடு வந்தார். அப்பா எதிரே போனார். நடுவில் சித்தி வந்து நின்றாள்.

"கைக்குக் கத்துறீங்க, எதுக்கு? நம்ம சிவப்பிதான். கொம்பால முட்டித் தள்ளிட்டு வந்திருக்கு."

"ஹவ், ஆமா, நானும் பாத்தேன்" என்றாள் அம்மா.

சிவப்பி மோழை மாடு. பிறந்ததிலிருந்தே அதற்குக் கொம்பு கிடையாது.

"அதுக்குக் கொம்பே இல்லியே!" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய கையில் முழங்கைவரை முள் கீறியிருந்தது. சித்தியின் கையிலும் அதேபோல.

அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். பிறகு சித்தப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டிருந்த எங்கள் பசு ஒன்றின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. சிவப்பி கொம்பு கொஞ்சம் கூர்தான்."

"சின்னதிலேருந்தே அப்படித்தானேடா" என்றார் அப்பா.

மாலைக்குள் மீதி வேலியையும் அண்ணன் தம்பி இருவருமாகப் பிடுங்கினார்கள். அன்று ஒரே அடுப்பில் பாயசம் கொதித்தது. நான் தொடையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்ன எனக்குக் கிள்ளு. கூசாமல் பொய் சொன்ன நாலு பேரும் சிரித்துக்கொண்டே பாயசம் குடிக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.