எழுத்துக்குள் சாப்பிட உட்கார்ந்தவர்கள்

பிள்ளைகளா, நான் எழுதும் எழுத்துக்கெல்லாம் கையும் காலும் முளைக்கிறதே, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனாலேயே ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் மதுரையில் ஒரு கல்லச்சுக்கூடத்தில் நோட்டீசுக்கு எழுத்துப் போடும் வேலை பார்த்தேன். வழவழப்பான கல்லில் பிசுக்கு மையால் எழுத வேண்டும். கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். ஆகையால் கண்ணாடியில் தெரிவது போல எழுத்தைத் திருப்பித்தான் எழுதுவோம். எனக்கு அது கைப்பழக்கம். மளிகைச் சீட்டை நேராக எழுதத்தான் அப்போது யோசிக்க வேண்டியிருந்தது.

எழுத்துக்குள் சின்னச் சின்ன மனிதர்களை உட்கார வைக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முதலாளி விடவில்லை. "பொம்மையை வேடிக்கை பார்க்கிறவன் கடைப் பேரை மறந்துருவான்" என்பார்.

ஆரப்பாளையத்தில் புதுசாகச் சாப்பாட்டுக் கிளப்புக்கடை திறந்தவர் நோட்டீசுக்கு வந்தார். "பார்த்த உடனே பசிக்கணும்ணே" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"சரி, போட்டுப் பாரு. கெட்டுப்போச்சுன்னா இனிமே பொம்மைப் பேச்சே எடுக்கப்படாது."

'சாப்பாடு' என்று பெரிதாக எழுதினேன். பகரத்துக்குள் ஒருவன் தொட்டியில் உட்கார்ந்தது போலச் சம்மணமிட்டுச் சாப்பிட்டான். மெய்யெழுத்தின் புள்ளியை வடையாக்கினேன். இன்னொருவன் எக்கி அதைப் பிடித்தான். துணைக்காலில் சாய்ந்துகொண்டு ஒரு தொந்திக்காரர் சோற்றுருண்டையை வாயில் திணித்தார். கடைசியில், மூலையோரமாக, ஒருவர் இரண்டு கையாலும் அண்டாவைத் தூக்கி வந்தார்.

அச்சு ஓட்டும் மிஷின்காரர் கல்லிலிருந்து முதல் தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏன் மாப்ள, எழுத்தெல்லாம் சரியா இருக்கு, இவனுகளுக்கு என்ன வந்துச்சு? அம்புட்டுப் பேரும் பீச்சாங்கையில திங்கிறானுக!"

எழுத்தைத் திருப்பிய நான் மனிதர்களைத் திருப்பவில்லை. கல்லில் சோத்துக்கையால் சாப்பிட்டவர்கள் காகிதத்தில் இடது கைக்கு மாறியிருந்தார்கள்.

பெஞ்சில் காத்திருந்த கிளப்புக்கடைக்காரர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "கழுவுற கையாலயா? இதப் பார்த்துட்டு எவன்ணே என் கடைக்கு வருவான்?"

"எல்லாத்தையும் சுரண்டு" என்றார் முதலாளி. "வெறும் எழுத்தை விடு."

கத்தியை எடுத்தேன். தொட்டிக்காரன் போனான், வடைக்காரன் போனான், தொந்திக்காரரும் போனார். சுரண்டின பொடியை ஊதிவிட்டு அண்டாக்காரரிடம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"முதலாளி, இவரு ரெண்டு கையாலயும்ல தூக்குறாரு. எந்தப் பக்கமா விழுந்தாலும் தப்பில்லையே?"

முதலாளி கிளப்புக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து கல்லைக் குனிந்து பார்த்தார்.

"இவரு இருக்கட்டும்ணே. அண்டா பெருசாத்தான் இருக்கு. அள்ளிப் போடுவாங்கன்னு சனத்துக்குத் தெரியட்டும்."

"ஒரு ஆளு. அதுக்கு மேல கிடையாது" என்றார் முதலாளி.

"தப்பிச்சியே மாப்ள" என்று மிஷின்காரர் என் முதுகில் தட்டினார். மைக்கையால்தான்.

நோட்டீஸ் ஊர்ச் சுவர்களில் ஏறியது. வேலை விட்டதும் யாரிடமும் சொல்லாமல் கோரிப்பாளையத்துக்கு நடந்தேன். ஒரு சுவரில் ஒட்டியிருந்தது. பசை சரியாகப் பிடிக்காமல் மூலை சுருண்டு, அண்டாக்காரரை மூடியிருந்தது. அதை விரித்து நீவிவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.