ஒரு பிள்ளை குறைகிறது

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பாண் என்கிற ரொட்டிக்கும் கோதுமை மாவுக்கும் இலங்கை முழுக்கத் தட்டுப்பாடாக இருந்த காலம். நாங்கள் அப்போது நெடுந்தீவில், கடற்கரையோரக் குடிமனை ஒன்றில் இருந்தோம். என் கணவர் தோணியில் மீன்பிடிக்கப் போகிறவர். எனக்கு முப்பது வயது ஆகவில்லை. மகன் நாலாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகளாவது அதைத் தாண்டிப் போகவேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போதிருந்த ஒரே பிடிவாதம்.

பள்ளிக்கூடம் எங்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேலே. இரண்டு பக்கமும் கல் மதில், நடுவே ஒடுங்கிய மண் பாதை. எங்கள் பிள்ளைகள் போய்ச் சேரும்போது சில நாள் எட்டு மணி, சில நாள் ஒன்பது. யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் தைமாதம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு புதிய தலைமை ஆசிரியர் மாற்றலாகி வந்தார். வந்த முதல் கிழமையே பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு, ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

எட்டு மணிக்கு மணி அடித்ததும் வாசல் படலை பூட்டப்படும். பிந்தி வருகிற பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும். வராத நாளுக்குத் தாயோ தகப்பனோ கடிதம் தரவேண்டும். நகம் வெட்டி, தலை வாரி இழுத்து, தோய்த்த உடுப்போடு வரவேண்டும். அழுக்கோடு வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவார். பள்ளிக்கூடம் நடக்கும்போது பெரியவர் ஒருவர் வந்து கையெழுத்து வைத்தால் ஒழிய ஒரு பிள்ளையும் வெளியே போகக்கூடாது.

வாசித்து முடித்துவிட்டு, "விளங்கினதோ?" என்று மட்டும் கேட்டார்.

விளங்கியது. ஆனால் எங்கள் கரையில் அதை எப்படிச் செய்வது? தோணிகள் விடியற்காலையில்தான் வரும். வந்ததும் வலையில் இருந்து மீனைக் கழற்றி, தரம் பிரித்து, வாங்க வருகிறவனிடம் கொடுத்து முடிக்கும்வரை பெண்களுக்கு நிமிர நேரமில்லை. பிள்ளைகளும் அதில்தான் நிற்கும். அந்த முதல் கிழமையில் எங்கள் பிள்ளைகள் பதினாலு பேரில் பதினொரு பேர் ஏதாவது ஒரு நாள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பெரிய சந்தோசம். புத்தகத்தை வீட்டுக்குள்ளே எறிந்துவிட்டுக் கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். ஆண்கள், "உந்த வாத்தியாருக்கு எங்கடை தொழில் தெரியாது, விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. அடுத்த நாள் பாதி வேலையில் கையைக் கழுவிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

தலைமை ஆசிரியர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. என்னில் மீன் மணம்.

"மாஸ்ரர், எங்கடை கரையிலை ஒருத்தரிட்டையும் மணிக்கூடு இல்லை" என்றேன்.

"அப்ப வேளைக்கு வாங்கோ. வேளைக்கு வந்தா ஒருத்தரும் ஏசமாட்டினம்."

"தோணி வாற நேரத்தை நாங்கள் சொல்லேலாது. தாய்மார் கரையை விட்டிட்டு வரவும் ஏலாது."

அவர் மேசையில் இருந்த வரவுக் கொப்பியைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "எட்டு மணிக்குப் பிறகு படலை திறக்கேலாது. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்க வேணும். ஆனா பெத்த தாய்தான் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு நான் சொல்லேல்லை. பொறுப்பான பெரியாள் ஒராள் வந்தாக் காணும், அது போதும். வாற ஆள் பிள்ளையளை எண்ணி ஒப்படைச்சு, கொப்பியிலை கையெழுத்து வைக்க வேணும். நானும் ஒருக்கா எண்ணுவன். அதுவரைக்கும் அவ நிக்க வேணும்."

ஆட்டுக்குட்டிகளை விலைக்கு விடுகிறவளிடம் பேசுவதுபோல எனக்கு இருந்தது. ஆனாலும் திரும்பி வரும் வழியில் அவர் சொன்ன முதல் பாதிதான் மனதில் ஓடியது. பொறுப்பான பெரியாள் ஒராள்.

ஆறு வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். ஒரு தாய்க்கு நிறைமாதம். மிச்சம் நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நாளும் ஐந்து. ஒருத்திக்கு ஒரு நாள். அவள் பிள்ளைகளோடு போகும்போது அவளுடைய வலையை மற்ற நாலு பேரும் பார்ப்பது. மணிக்கூட்டுக்குப் பதில் கோவில் மணி. காலை மணி கேட்டதும் பிள்ளைகளை எழுப்பினால் நேரம் சரியாக இருக்கும். ஆண்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசி, மூன்று நாளில் ஒழுங்கு செய்தேன். அடுத்த திங்கட்கிழமை மணி அடிக்க முன்னமே எங்கள் பிள்ளைகள் பதினாலு பேரும் படலையடியில் நின்றார்கள். கையெழுத்து வைக்கத் தெரியாத தாய்மார் கொப்பியில் சிலுவை போட்டார்கள். அவர் அதையும் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டார்.

மாதக்கணக்காக அது ஓடியது. ஒரு நாளும் பிந்தவில்லை. எனக்குள்ளே ஒரு பெருமை ஏறிவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. என்னுடைய நாள் வியாழக்கிழமை. அன்றைக்கு நான் படைக்குத் தலைவி மாதிரி முன்னால் நடப்பேன். அவர் நின்று ஒவ்வொரு பிள்ளையாக எண்ணும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வரும். கரையில் வேலை கிடக்க, நான் எண்ணிக் கொண்டுவந்த பிள்ளைகளை இந்த மனிதன் எதற்காகத் திரும்பவும் எண்ணுகிறார்?

கார்த்திகை மாதம் வந்தது. ஒரு புதன்கிழமை முழுக்க மழை. வியாழன் விடியும்போது மழை விட்டிருந்தது, ஆனால் பாதை முழுக்கச் சேறும் வெள்ளமும். தோணிகளும் அன்றைக்குப் பிந்தித்தான் வந்தன. பிள்ளைகளைச் சேர்த்துப் புறப்படவே நேரமாகிவிட்டது. என் அடுத்த வளவுக்காரி தன் ஒரே மகளை என் கையில் தந்தாள். ஆறு வயது, முதலாம் வகுப்பு. தோய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். "அக்கா, இவ மெல்ல நடப்பா, பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

"பயப்படாதை" என்று சொல்லிவிட்டு நான் நடையைக் கட்டினேன்.

வழி நெடுக நான் முன்னால் நின்று விரட்டினேன். "கெதியா வாங்கோ. சட்டையிலை சேறு பட்டுதெண்டா வாத்தியார் வீட்டை கலைச்சுப் போடுவார். பிறகு என்னைக் கேக்கக்கூடாது." இதை ஒரு தரமல்ல, பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். பின்னால் திரும்பிப் பார்த்தது ஒரு தரமும் நினைவில் இல்லை.

படலையை அடைந்தபோது ஒரு ஆசிரியர் மணிக் கயிற்றில் கை வைத்துவிட்டார். பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டேன். தலைமை ஆசிரியர் கொப்பியை நீட்டினார். "பதினாலு" என்று சொல்லிக் கையெழுத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நில்லுங்கோ" என்றார்.

எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "ஒரு பிள்ளை குறையுது."

"ஓடித் திரியுதுகள் மாஸ்ரர், வடிவா எண்ணுங்கோ" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

அவர் பிள்ளைகளை மதிலோடு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் அடுத்த வளவுக்காரியின் மகளுடைய பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது என் மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அவ விழுந்தவ. சட்டையெல்லாம் சேறு. கழுவிப்போட்டு வாறன் எண்டு பின்னுக்கு நிண்டிட்டா."

எங்கே கழுவுவாள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பாதி வழியில், மதில் இடிந்த இடத்தால் போனால், மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளுகிற துரவு ஒன்று இருக்கிறது. சுற்றிக் கட்டில்லாத கிணறு அது. மற்ற நாளில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். மழைக்கு முட்ட நிறைந்து, எது தரை எது தண்ணீர் என்றே தெரியாது.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இரண்டு தரம் விழுந்து எழும்பி ஓடினேன். பின்னால் இன்னொருவர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பு இல்லை.

பிள்ளை துரவுக்குள் இருந்தாள். கரையோரம் சறுக்கி இறங்கி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் வாய்க்குக் கீழே, நாடிவரைக்கும். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. கல்லை விட்டால் என்ன நடக்கும் என்று அந்த வயதிலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்படியே இறங்கினேன். கரைச் சரிவில் கால் ஊன்ற, எனக்கு நெஞ்சளவு. அவளுடைய விரல்களைக் கல்லில் இருந்து ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டியிருந்தது. தூக்கிக் கொடுத்தேன். குப்புறப் படுத்துக் கையை நீட்டி அவர் வாங்கினார்.

துரவை விட்டு மேலே வந்ததும் பிள்ளை நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மாமி, சேறெல்லாம் போயிட்டுது. இனி வாத்தியார் உள்ளுக்கு விடுவாரோ?" என்றாள்.

வாத்தியாரின் கையில் இருந்துகொண்டுதான் அதைக் கேட்டாள்.

அவர் சால்வையால் அவளைச் சுற்றினார். பள்ளிக்கூடம் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். அந்தத் தூரம் முழுக்க நான் என்ன சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன் என்பது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

தாயிடம் நான்தான் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தேன். அவர் ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கரைக்குப் போய், எல்லாரும் நிற்கும்போதே சொன்னேன். "பிள்ளை சுகமா இருக்கிறா. ஆனா துரவுக்கை விழுந்தவ. நான் வழியிலை எண்ணேல்லை. எண்ணாமல் கையெழுத்து வைச்சனான்." அவள் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய புருசன்தான் சொன்னான்: "காணும் உங்கடை ஒழுங்கு. நாளையிலையிருந்து இந்தக் கரையிலையிருந்து ஒரு பிள்ளையும் போகாது." மற்ற ஆண்களும் தலையாட்டினார்கள்.

பின்னேரம் தலைமை ஆசிரியர் எங்கள் கரைக்கு நடந்து வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தரம். காயப்போட்ட வலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தாள் ஒன்றும் இல்லாமல் பேசினார்.

"பிழை இவவில மட்டும் இல்லை. அழுக்கோடை வந்தாத் திருப்பி அனுப்புவன் எண்டு சொன்னது நான். இனி அப்பிடி இல்லை. சேறு பட்டா பள்ளிக்கூடக் கிணத்தடியிலை ரீச்சர் கழுவிவிடுவா. பிந்தி வந்தாலும் பிள்ளையைத் தனிய திருப்பி அனுப்பன். உள்ளுக்கு எடுத்துப்போட்டுத்தான் தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கதைப்பன். ஆனா எண்ணுறதை விடமாட்டன். அதிலை மாத்தமில்லை."

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "அதை விடாதேங்கோ மாஸ்ரர்" என்றேன். "நாளைக்கு என்ரை முறை இல்லை. ஆனாலும் நான்தான் கூட்டிக்கொண்டு வருவன். என்ரை ரெண்டு பிள்ளையள் மட்டுமெண்டாலும் வருவன்."

வெள்ளி காலை கோவில் மணி கேட்டதும் என் பிள்ளைகளை எழுப்பி, உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்திக்கொண்டு பாதையில் போய் நின்றேன். நிற்க வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். ஆனால் அன்றைக்குத் திரும்பிவிட்டால் பிறகு அந்தக் கரையில் யாரும் பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நின்றேன்.

முதலில் வந்தது அடுத்த வளவுக்காரி. மகளைக் கையில் பிடித்திருந்தாள். நடுக்கம் தீராத பிள்ளையை இரண்டு நாளாவது வீட்டில் வைத்திருப்பாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவள் பிள்ளையின் கையை என் கையில் வைத்தாள்.

"உன்ரை அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அவர் சொல்லுவார். அவர் படிக்கேல்லை, நானும் படிக்கேல்லை" என்றாள். பிறகு, "நீங்கள் வந்து மறைக்காமல் சொன்னபடியாத்தான் தாறன் அக்கா. ஆனா இண்டைக்கு நானும் வருவன். நான் பின்னாலை நடக்கிறன்."

அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அன்றிலிருந்து முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று இரண்டு பேராகப் போனோம். கரையில் வேலை பிந்தியது. பிந்தட்டும் என்று விட்டோம். இடிந்த மதிலடியில் ஒரு தரம், படலையடியில் ஒரு தரம் என்று நான் எண்ணுவேன். பிறகு அவர் எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்வரை, ஒரு வியாழக்கிழமையும் நான் அந்த இடத்தைவிட்டு அசைந்ததில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. பின்னாளில் எங்கள் கரையிலிருந்து முதன்முதலாக எட்டாம் வகுப்புக்குப் போனவர்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. இன்றைக்கு அவள் பேரப்பிள்ளை கண்டவள்.

எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தண்ணீருக்குள் நாடிவரைக்கும் நின்றும் உதவிக்குக் கூப்பிடாத அந்தப் பிள்ளை என் கண்ணில் வருகிறாள். அதனால் இப்படிச் செய்யவேண்டும் என்று சொன்ன கையோடு, தவறிப்போனால் ஒளிக்காமல் முதலில் என்னிடம் ஓடி வா என்பதையும் சேர்த்துத்தான் நான் சொல்லுகிறேன்.