சந்தூக்கின் வலது மூலை

போன வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போகும் பாதையில் நான் விழுந்துவிட்டேன்.

சும்மா விழவில்லை. அடக்கம் செய்ய ஊரே கூடிப்போன ஒரு ஜனாஸாவில், கடற்கரை மணலில், முகம் பதிய விழுந்தேன். சந்தூக்கு விழவில்லை. அது என்னைத் தாண்டி, ஒரு குலுக்கமும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

விழுந்தது பெரிய விஷயமில்லை. ஏன் விழுந்தேன் என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்… கொஞ்சம் மரவேலையும் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிவாசலின் பழைய சந்தூக்கு — மையித்தை வைத்துத் தோளில் சுமந்து போகும் மரப்பெட்டி — கால் ஒடிந்து, கம்பியால் கட்டி, பிறகு அந்தக் கம்பியும் துருப்பிடித்துப் போயிருந்தது. அந்த வருடங்களில் அதற்கு ஓய்வு குறைவு. அது சண்டைக் காலம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசல் வளவில் காற்றுக்கு விழுந்த ஒரு வேம்பு அறுத்த மரமாகக் கிடந்தது. அதில் புதிதாக ஒன்று செய்வோம் என்று நம்பிக்கையாளர் சபை முடிவெடுத்தது. நான் சபையின் செயலாளர். ஆகவே மேற்பார்வை என்னிடம் வந்தது.

நான் கணித ஆசிரியர். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது மிதக்கும் என்பதுதான். ஆனால் மேற்பார்வை பார்ப்பதற்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

செய்தவர் தச்சர் ஆதம்பாவா ஓடாவியார். மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை எடுத்த எங்கள் ஊர் வாப்பாமாரில் பாதிப்பேர், கதவு நிலைக்கு அவரிடம்தான் போயிருப்பார்கள். என் வயதுதான். கதை குறைவு. கதைத்தாலும் மரத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். கரண்ட் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்ற ஊரில் அவர் மெஷினை நம்புவதில்லை. வாள், சீவுளி, உளி, சுத்தியல். அவ்வளவுதான் பட்டறை.

சந்தூக்கின் அடிச்சட்டம் லேசானது. தோளில் வைக்க நீளக் கட்டை இரண்டு. அவற்றை இணைக்க முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்குக் கட்டைகள். குறுக்குக் கட்டையின் நுனியை இரண்டு பக்கமும் வாளால் அறுத்து நாக்கு மாதிரி ஆக்குவார்கள். அதற்குக் கழுந்து என்று பெயர். நீளக் கட்டையில் உளியால் குடைந்த குழிக்குள் அந்தக் கழுந்து இறங்கி இறுகி நிற்க வேண்டும். பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், மையித்தின் பாரம் முழுவதும் கடைசியில் அந்த நாலு கழுந்தில்தான்.

பாடசாலை விட்டு வரும் வழியில் மேற்பார்வைக்குப் போவேன். ஒரு நாள் முன் குறுக்குக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுந்தின் இரண்டு கன்னத்திலும் வாள் ஓடிய வரிகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடிமட்டம் இல்லாமல் கீறிய கோடுகள் மாதிரி இருந்தன.

“ஓடாவியார், இது இப்பிடியேதான் இரிக்கப் போகுதா?”

“எது?”

“இந்த வாள் வரி.”

“ஓம்.”

“சீவ மாட்டீங்களா?”

“மேடு இரிந்தா சீவுவன். மேடு இல்ல.”

“பாக்க வடிவில்லையே…”

“அது உள்ளுக்குப் போற சாமான் மாஸ்டர். ஆர் பாக்கிற?”

யார் பார்ப்பதா? நான் பார்த்துவிட்டேனே! விடை சரியாக இருந்தும் செய்கை அலங்கோலமாக இருந்தால் புள்ளி குறைக்கிற ஆள் நான். அதுவும் மௌத்தாய்ப்போன ஒருவருக்கு ஊர் செய்கிற கடைசி மரியாதை. அதற்குள்ளே இப்படி ஒரு கரடுமுரடா? அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அஸர் பாங்கு சொன்னது. ஓடாவியார் உளியை வைத்துவிட்டுத் தொழப் போனார். நான் போகவில்லை. பள்ளிவாசலின் சொத்தை அழகாக்குவதற்காக, பள்ளிவாசலின் ஜமாஅத்துத் தொழுகையை விட்டேன். செய்தவர் அதே பள்ளிவாசலின் செயலாளர்.

அகலமான உளி ஒன்றை எடுத்தேன். அவருடைய ஆயுதங்களில் கூர் இல்லாத ஒன்றும் கிடையாது. லேசாகத் தள்ளினேன். சீவல் சுருண்டு விழுந்தது. வரி மறைந்து கீழே மரத்தின் சிவந்த ரேகை தெரிந்தது. என்ன ஒரு ஆனந்தம்! ஒரு கன்னம் முடிந்தபோது மற்றக் கன்னம் பார்க்க வெட்கமாக இருந்தது. அதையும் சீவினேன். இப்போது முதல் கன்னம் கொஞ்சம் சரிவாகத் தெரிந்தது. அதைச் சமப்படுத்தினேன். பிறகு மற்றதை…

ஓடாவியார் அளவுக்காகக் கூரால் கீறி வைத்திருந்த ஒரு மெல்லிய கோடு இருந்தது. அதைத் தேடினேன். அது சீவலோடு போயிருந்தது.

குழிக்குள் செருகிப் பார்த்தேன். எந்தத் தடையும் இல்லாமல் போனது. கையை எடுத்தேன். எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்து காலில் விழுந்தது.

ஒன்றரை மில்லிமீற்றர். அளந்தும் பார்த்தேன்.

பள்ளியிலிருந்து ஆட்கள் திரும்பும் சத்தம் கேட்டது. சீவல்களை அள்ளிச் சாறன் மடிக்குள் போட்டேன். கட்டையை இருந்த இடத்தில் வைத்தேன். ஓடாவியார் வந்தார்.

“என்ன மாஸ்டர், தொழப் போகல்லியா?”

“வயிறு சரியில்ல.”

பொய். தொழுகையை விட்ட கையோடு, பள்ளிவாசல் வேலையில் ஒரு பொய்யும்.

நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். நாளைக்குப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். அதற்கு அடுத்த நாள் போனபோது பசை போட்டு, அடித்துப் பூட்டி, பச்சைப் பெயின்றும் பூசியாகிவிட்டது. மூடிய பொருத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். முன்பக்கம், வலது மூலை.

சபை சந்தூக்கைப் பார்த்துப் பாராட்டியது. நல்ல மேற்பார்வை என்று என்னையும் பாராட்டியது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் அந்த மூலை கழன்றால், ஊர் நடுவே ஒரு மையித்து மண்ணில் விழும். அந்தக் குடும்பத்துக்கு அது காலம் முழுக்க ஆறாது. பழி யார்மேல்? ஆதம்பாவா ஓடாவியார்மேல். அதற்குப் பிறகு எந்த வாப்பா அவரிடம் ஒரு ஜன்னலாவது கேட்பார்? செய்தவன் நான், பேர் போவது அவருக்கு. சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

முதலாவது ஜனாஸா வந்தது. பெட்டியைத் தூக்கியதும், முன்பக்கத்திலிருந்து ‘கிறீச்’ என்றொரு சத்தம். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, வலது மூலையைத் தோளில் வாங்கினேன். தோளால் தாங்கியபடி உள்ளங்கையால் கட்டையை உள்பக்கமாக அமுக்கிக்கொண்டேன். மையவாடி வரை விடவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? நாலு அடிக்கு ஒருவர் தோள் மாறுவார். எல்லாருக்கும் நன்மை வேண்டும். நான் மாறவில்லை. எல்லாரும் கலிமா சொன்னார்கள். நான் வாயை அசைத்தபடி ‘கிறீச்’சை எண்ணிக்கொண்டு போனேன்.

அன்று தொடங்கியது. இரண்டு வருடம் ஒரு ஜனாஸாவை விடவில்லை. மழை, காய்ச்சல், தவணைப் பரீட்சை… ஒன்றுக்கும் நிற்கவில்லை. பள்ளிவாசலில் மௌத்து அறிவித்தல் கேட்டால், யார் என்று கேட்பதற்கு முன்னால் என் கை தொப்பியைத் தேடும்.

ஊர் இதை எப்படி விளங்கிக்கொண்டது? பக்தி என்று. ஒரு குத்பாப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னை உதாரணமாகவே காட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பாடசாலையில் பிள்ளைகள் ‘மையித்து மாஸ்டர்’ என்று பேர் வைத்தார்கள். சுகமில்லாத ஒருவரைப் பார்க்கப் போனால், அவர் மனைவி வாசலிலேயே மறித்து, “மாஸ்டர், ஒண்டுமில்ல, சும்மா காய்ச்சல்தான்” என்றார். ஒரு தடவை, பாங்கு சொல்லும் மோதினார் இல்லாத நேரம் பார்த்து, சந்தூக்கு வைத்திருக்கும் அறைக்குள் போய் அந்த மூலையைப் பிடித்து உலுப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. வெறுமையாக இருக்கும்போது எதுதான் அசையும்? திரும்பினால் வாசலில் மோதினார். “மாஸ்டர், ஆருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

என் மனைவிதான் நேரடியாகக் கேட்டாள்.

“இஞ்சப் பாருங்க, உசிரோட இரிக்கிற ஆக்கள் ஊட்டுக்கும் ஒரு நாளைக்குப் போவமா?”

இதற்கிடையில் என் பக்கத்து வளவு அலியார் காக்கா மௌத்தானார். அவருக்கும் எனக்கும் எல்லை வேலியில் நின்ற ஒரு முருங்கை மரத்தால் நாலு வருடம் கதை பேச்சில்லை. வேறு நாளாக இருந்தால் பள்ளியில் தொழுகையோடு நின்றிருப்பேன். ஆனால் அவர் நல்ல பாரமான மனிதர். கழுந்து தாங்குமா? போனேன். மூலையைப் பிடித்தேன். அடக்கி முடிந்ததும் அவருடைய மகன் நிஸார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க தோள் குடுத்தது போதும் மாஸ்டர், வாப்பாட மனசு ஆறியிரிக்கும்” என்று அழுதான். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி வெட்கம். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து முருங்கைக்காய் வருகிறது.

போன வெள்ளிக்கு வருவோம். பொத்துவிலில் இருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், என்னைத் தெரியாதவர், தோள் மாறுவதற்காக என் மூலைக்குள் நுழைந்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை; நன்மை அவருக்கும் வேண்டும்தானே. மணலில் கால் பின்னி நான் விழுந்தேன்.

விழுந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தேன். இரண்டு வருடமாகப் பயந்த சத்தம். வரவில்லை. ‘கிறீச்’ மட்டும் கேட்டது… அதுவும் தூரமாகப் போனது. யாரோ என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஆதம்பாவா ஓடாவியார்.

அடக்கி முடிந்து திரும்பும்போது இரண்டு பேரும் பின்தங்கி நடந்தோம். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ஓடாவியார், ஒண்டு சொல்லணும். சந்தூக்குட முன் மூலைக் கழுந்து… நீங்க அஸருக்குப் போன நேரம் நான்தான் சீவின. தொளதொள எண்டு போச்சி. பயத்தில சொல்லல்ல. என்னை மன்னிச்சிக்கங்க.”

அவர் நின்று செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“வாள் வரி இல்லாத கழுந்து என்ட பட்டறைக்கு எப்பிடி வாற? மறுகா, நீங்க எழும்பிப் போகக்குள்ள சாறனால சீவல் கொட்டிச்சி. வாசல் கடப்பு வரைக்கும்.”

“அப்ப… அந்தக் கட்டை?”

“அண்டைக்கே எடுத்திட்டன். வேற கட்டை அறுத்துப் போட்டன். வரியோடதான். அந்தச் சொரசொரப்பிலதான் மாஸ்டர் பசை புடிக்கும். உங்கட கட்டை எங்கட கோழிக்கூட்டுக்குத் தாப்பாள்.”

இரண்டு வருடம். எத்தனை ஜனாஸா. என் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்துபோயிருக்கிறது, தையல்காரர் சொன்னார்.

“அப்ப அந்தக் கிறீச் சத்தம்?”

“அது மூடிட பிணைச்சல். எண்ண போடுங்க, எண்ண போடுங்க எண்டு மோதினாருக்கிட்ட எத்தின தரம் சொல்லியிரிக்கன்.”

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைக்க இடமில்லை.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே!”

“நீங்க கேக்கல்லியே.” நாலு அடி நடந்தார். பிறகு மரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கதைத்தார். “நீங்க ஒரு மையித்தும் விடாம வாறீங்க. அலியார் காக்காட மையித்துக்கும் வந்தீங்க. மேடு இல்லாத இடத்தில நான் என்னத்துக்கு உளிய வெக்கணும்?”

நேற்றுப் பின்னேரம் பள்ளியில் இன்னொரு மௌத்து அறிவித்தல். கை வழக்கம்போலத் தொப்பியைத் தேடியது. நிறுத்தினேன். இனி நான் என்னத்துக்குப் போக வேண்டும்? மேசையில் திருத்தாத விடைத்தாள்கள் ஒரு கட்டு. மூலை உறுதியாக இருக்கிறது. உள்ளே வாள் வரியோடு நல்ல கழுந்து இருக்கிறது. கொஞ்ச நேரம் சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு போனேன்.

என்னைக் கண்டதும் நிஸார், “மாஸ்டர் வாறாரு, அந்த மூலைய விடுங்க!” என்று சத்தம் போட்டான். விட்டார்கள். தோளில் வாங்கினேன். அமுக்கவில்லை. எண்ணவில்லை. பிணைச்சல் ‘கிறீச்’ என்றது. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பவர் யார் என்று அப்போதுதான் நினைத்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை திருத்துகிறவர். என் குடையை மூன்று தடவை திருத்தித் தந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், நல்ல துணி மாஸ்டர், எறிந்துவிடாதீர்கள் என்பார்.

இரண்டு வருடமாக நான் ஒரு கட்டையைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நேற்றுத்தான் ஒரு மனிதரைத் தூக்கினேன்.

கனமாகத்தான் இருந்தார்.