தொட்ட சுவர்

என் துணிப்பையின் உள்ஜேபியில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே எஸ்டிமேட் பேடிலிருந்து கிழித்தவை. மேலே சிவப்பு மசியில் ‘எல்லாவிதமான பெயிண்டிங் வேலைகளும் குறித்த காலத்தில் செய்து தரப்படும்’ என்று அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே வேலை விவரம், சதுரடி என்று கட்டங்கள். கட்டங்களைப் பற்றிக் கவலைப்படாமல் குறுக்கே எழுதியிருக்கிறார் மேஸ்திரி. முதல் தாளின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் நீலமாகப் பதிந்திருக்கிறது. அன்று ஒரு வீட்டின் சாமியறைக்கு அந்த நீலம்தான் அடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது தாளில் எந்தக் கறையும் இல்லை. அதை எழுதுவதற்கு முன்னால் கையைக் கழுவியிருக்கிறார்.

நான் எட்டாவது வரை படித்தவன். அந்த வருடம் முழுப் பரீட்சைக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போனார்கள், நானும் போனேன், படிப்பு அதோடு நின்றது. அதில் சொல்ல வேறு எதுவும் இல்லை. பிறகு லாரியில் கிளீனராக இருந்தேன். திருப்பூரில் சாயப் பட்டறை, ஓசூரில் கோழிப் பண்ணை, விஜயவாடாவில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவும் வேலை. எங்கும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த ஊர் போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சில ராத்திரிகள் பட்டினி, சில நாட்கள் காய்ச்சலோடு பிளாட்பாரம். சுற்றிச் சுற்றிக் கடைசியில் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில்தான் வந்து இறங்குவேன். அங்கிருந்து நேராக மேஸ்திரி எந்த வீட்டில் வேலை செய்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போவேன். அவரும் எங்கள் காலனிக்காரர்தான், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நான் போய் நின்றால் எங்கே போயிருந்தாய் என்று கேட்டதே இல்லை. உப்புத்தாளை எடுத்துக் கையில் கொடுப்பார்.

பெயிண்டிங் மேஸ்திரிகளில் இவர் ஒரு தனி ரகம். வேலை பார்க்கப் போன இடத்தில் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தித் தேய்ப்பார். கையில் ஒட்டிய மாவைப் பார்ப்பார். பிறகு வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவார். திருமுக்கூடலில் ஒரு புது மாடிவீட்டுக்காரர் விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். இவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்தச் செவுத்துக்கு இன்னா அடிச்சாலும் ரெண்டு மயைல உரிஞ்சிடும்ண்ணா. மொதல்ல மொட்ட மாடிய பாரு, தண்ணி அங்கர்ந்து எறங்குது” என்றார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் வேறு ஆட்கள் அந்த வீட்டில் சாரம் கட்டினார்கள். எங்கள் ஆட்கள் மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து நாள் வேலை. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “அடிச்சிட்டு வந்து, அப்றம் அந்த வயியா எப்டிடா போறது?” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவர் கொடுத்தது சுரண்டும் வேலை. பழைய வீடுகளில் புது பெயிண்ட் அடிப்பதற்கு முன் பட்டித் தகட்டால் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பச்சைக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே ரோஜா நிறம், அதற்கும் கீழே சுண்ணாம்பு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பூச்சு. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குப் பிடிபட்ட பிறகு, ஒரு நாள் தென்னேரிப் பக்கம் ஒரு வீட்டில், மஞ்சள் வந்ததும் ஒரு இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் சுண்ணாம்பு வரை போனேன். எருமை ஒன்று ஏரியில் கழுத்தளவு நிற்பது போல் ஒரு படம் வந்தது. அன்று முதல் எல்லா வீடுகளிலும் இதைச் செய்தேன். மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். வண்டி, நடவு நடும் பெண்களின் முதுகுகள், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள். எதுவும் அரை நாளுக்கு மேல் இருக்காது, மேலே மாவு பூசிப் பட்டி பார்த்துவிடுவார்கள். மேஸ்திரி இந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் ஒரு சுவரை முடிக்கும் தறுவாயில் இருந்தால், பட்டி கலக்கிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து, டீ குடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்பார். பசி இல்லாதபோதும் ஆட்களை டீக்கடைக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் நான் போனில் படம் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர்க் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வந்த ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி, எதிர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த என்னிடம் தண்ணீர் கேட்டாள். சுவரைப் பார்த்தாள். போனில் இருந்த படங்களையெல்லாம் பார்த்தாள். அவள்தான் ஓவியர்களுக்கு ரெசிடென்சி என்று ஒன்று இருப்பதைச் சொன்னாள். மேற்குக் கடற்கரையில் ஒரு பழைய கிடங்கு, மூன்று மாதம் தங்க இடம், சாப்பாடு, வேலை செய்ய ஒரு ஸ்டூடியோ. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், படிப்பு தேவையில்லை. அது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் எந்த ஊரையும் எந்த வேலையையும் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை. மேலே யாரும் பட்டி பார்க்காத ஒரு சுவர். விண்ணப்பத்தில் பத்துப் படங்கள் கேட்டார்கள், இருந்தன. உங்கள் வேலையை நன்றாக அறிந்த ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். எங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் பொறுப்புக்கு வர யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சிறு வயதில் அதன் நிழலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எனக்குத் தகுதி உண்டு என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

ஐயங்கார்குளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, முழங்காலில் பேடை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. கிழித்துக் கொடுத்தார்.

‘மரியாதைக்குரியவர்களுக்கு. இவர் என்னிடம் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. குடி இல்லை. பீடி உண்டு. சுரண்டும் வேலையில் இவரைப் போல ஆளை நான் பார்த்தது இல்லை. சுவரில் படமும் செய்வார், நன்றாக இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் தங்கமாட்டார். சொல்லாமல் போய்விடுவார். என்னிடமிருந்தே நான்கு முறை போயிருக்கிறார். ஆனால் தொட்ட சுவரை முடிக்காமல் போனது கிடையாது. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம்.’

நல்ல வார்த்தை ஒன்று சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அது வரை அவர் என் படங்களைப் பற்றிச் சொல்லாததை அங்கே எழுதியிருந்தார். நான் படித்ததெல்லாம் ‘தங்கமாட்டார்’ என்ற ஒரு வார்த்தையை. மூன்று மாதம் தங்க ஆள் கேட்கிறார்கள், இவர் தங்கமாட்டார் என்கிறார். பஜார் தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “இத்த அனுப்புனா உன்ன வாட்ச்மேன் வேலைக்குக்கூட சேத்துக்க மாட்டாங்க. நான் இங்கிலீஷ்ல ஒண்ணு அடிச்சித் தரேன்” என்றார். அவர் அடித்ததில் நான் நேர்மையானவன், அர்ப்பணிப்பு உள்ளவன், எந்தச் சூழலிலும் பொருந்துபவன் என்று இருந்ததாக அவரே படித்து அர்த்தம் சொன்னார். கீழே மேஸ்திரி பெயர். அவருடைய கையெழுத்தை நான் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, இந்த முறை இடமில்லை என்று மெயில் வந்தது. சாரத்தின் மேல் நின்றிருந்த மேஸ்திரியிடம் கீழே இருந்து சொன்னேன். அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, “நம்ம லெட்டர படிச்சிருப்பாங்களா?” என்று கேட்டார். படித்திருப்பார்கள் என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் நடந்துகொண்ட விதம் மாறிப்போனது. வெயில் படாத சுவராகப் பார்த்து எனக்குக் கொடுத்தார். தாமதமாகப் போனால் ஒன்றும் சொல்லவில்லை. கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அவர் கிண்டல் செய்யாதபோதுதான் எனக்கு முள்மேல் நிற்பது போல் இருந்தது. ஒரு நாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனதும் அண்ணி, “இன்னா எயுதிக் குடுத்தாருன்னு தெர்ல. அவன் பொயப்ப நானே கெட்த்துட்டேன்னு சொல்லிக்கினு கீறாரு. சோறு எறங்கல மனுசனுக்கு” என்றாள். எனக்கும் இறங்கவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். குழம்பு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். மறுநாள் பாதியில் நின்ற ஒரு கூடத்துச் சுவரைச் சாயங்காலத்துக்குள் சுரண்டி முடித்துவிட்டு, சொல்லாமல் பஸ் ஏறினேன். ஐந்தாவது முறை.

ஏழு மாதம் நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டைகளில் வேலை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை, என்னைப் போன்றவனுக்குச் சிறை. எத்தனை ஊர் தள்ளிப் போனாலும் அந்தக் கேள்வி, நம்ம லெட்டரைப் படித்திருப்பார்களா என்பது, காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு முன் எந்த ஊரிலிருந்தும் எதையும் தூக்கிக்கொண்டு போனவன் இல்லை நான். திரும்பி வந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கதவுகளுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி உப்புத்தாளைக் கொடுத்தார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, மடித்து வைத்திருந்த கலர் அட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த எடத்துக்கு மறுபடி வர்ற மாசம் ஆளு கேப்பாங்களாமே. இத்த அனுப்பு.”

பிரித்துப் பார்த்தேன். இவர் பன்னிரண்டு வருடமாக என்னிடமே வேலை செய்கிறார், ஒரு நாளும் சொல்லாமல் போனதில்லை, எந்த இடத்தில் வைத்தாலும் அங்கேயே இருப்பார் என்று எழுதியிருந்தது. எப்போதும் கோடு போட்டது போல் நேராகப் போகும் அவருடைய எழுத்து இதில் மேலும் கீழும் ஏறி இறங்கியது. இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருந்தார்.

“இன்னா மேஸ்திரி இது?” என்றேன்.

“பொய்தான். எயுதிட்டேன்” என்றார். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க ஆரம்பித்தார். “சுத்தமா எயுதணும்னுதான் ஒக்காந்தேன். வரல.”

ஈரச் சுவரை ஈரச் சுவர் என்று சொல்லி எத்தனையோ வேலைகளை இழந்தவர். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு அனுப்பியது நீல விரல் பதிந்த பழைய தாளை. கம்ப்யூட்டர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஸ்கேன் செய்தார்.

போனில் வீடியோவில் நேர்காணல். ஏரிக்கரை மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று அங்கே போய் நின்றேன். மூன்று பேரில் தமிழ் தெரிந்த ஓர் அம்மா, படங்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, சொல்லாமல் போய்விடுவார் என்று எழுதியிருக்கிறதே, உண்மையா என்றார். உண்மைதான் என்றேன். இங்கிருந்தும் போய்விடுவீர்களா என்றார். ஒரு சுவர் கொடுத்தால் அது முடியும் வரை இருப்பேன், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். அவர் மற்ற இருவருக்கும் அதை மொழிபெயர்த்தார். ஒருவர் சிரித்தார். பத்து நாளில் வரச் சொல்லி மெயில் வந்தது. மேஸ்திரியிடம் காட்டினேன். “பாத்தியா” என்றார். தன்னுடைய பொய் வேலை செய்துவிட்டது என்று நினைத்தார். முகத்தில் சந்தோஷமும் ஒரு மாதிரியான வெட்கமும் சேர்ந்து இருந்தன. அதோடு நான் ரயில் ஏறிவிட்டேன்.

இங்கே கிடங்கின் நீளச் சுவர் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பூச்சு இருக்கிறது அதில், அடியில் யாரோ அடித்த தார்கூட உண்டு. உத்திரமேரூர் பஸ் நிலையத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூடைக்காரிகள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், தூளியில் குழந்தை, தூணில் சாய்ந்து தூங்குகிறவன். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டாம் நாள் வரை நன்றாகத்தான் போனது. அதற்கு மறுநாள் காலை எழுந்தபோது இந்த ஊர் போதும் என்று தோன்றியது. நல்ல சாப்பாடு, நல்ல மனிதர்கள், ஆனாலும் போதும். பையைக் கட்டிக் கதவருகே வைத்தேன். கிளம்பும் முன் உள்ஜேபியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம், தொட்டேன். இரண்டு தாளையும் எடுத்துப் படித்தேன். பிறகு மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதல் முறை உன் லெட்டரை அனுப்பவே இல்லை, இங்கிலீஷில் அடித்து உன் கையெழுத்தை நானே போட்டேன், இரண்டாம் முறை போனது உன் பழைய லெட்டர்தான், அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அந்தப் பக்கம் யாரோ உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவனை நிறுத்தச் சொன்னார்.

“என் கையெயுத்த நீ எப்டிடா போட்ட? நானே ரெண்டு தபா ஒரே மாரி போட்டது கெடயாது.”



“ஒரு வருசம்டா” என்றார். பிறகு, “அந்த ரெண்டாவது லெட்டர கியிச்சிப் போட்டுடு. எவன் கைலயாவது கெடச்சா என் பேரு இன்னா ஆவறது?” என்றார்.

சரி என்றேன். கிளம்பலாம் என்று இருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

“செவுரு எவ்ளோ பாக்கி கீது?”

“பஸ்ஸு மட்டுந்தான்.”

“பஸ்ஸே வரல, நீ எதுல ஏறிப் போவ நைனா?” என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் கிண்டல் அது. தேய்க்கிறவனைப் பார்த்து ஏதோ அதட்டிவிட்டுப் போனை வைத்தார்.

இரண்டாவது தாளைக் கிழிப்பதற்காகக் கையில் எடுத்தேன். அடித்து எழுதிய இடத்தில் பேனா அழுந்தித் தாள் பின்பக்கம் புடைத்திருந்தது. கிழிக்கவில்லை. இரண்டையும் மடித்துப் பழையபடி உள்ஜேபியிலேயே வைத்தேன். பை கதவருகேதான் இருக்கிறது, அதை அவிழ்க்கவில்லை. பட்டித் தகட்டை எடுத்து, தார் வரை அழுத்தி, பஸ்ஸின் முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்.