போல்ட்டுக்கும் கொசுறு

என் வீட்டுக்காரர் வேன் ஓட்ட வருவதற்கு முன் கூடுவாஞ்சேரியில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கடையை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. தராசு போய்விட்டது, கூடைகள் போய்விட்டன, கொசுறு போடும் கை மட்டும் போகவில்லை. அரைக் கிலோ தக்காளியைச் சரியாக நிறுத்துவிட்டு, மேலே ஒன்றைத் தூக்கிப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. இப்போது அதே கை ஸ்பேனர் பிடிக்கிறது.

எங்கள் வீட்டுக் குழாயை அவர் மூடினால் நான் திறக்க முடியாது. குக்கர் கைப்பிடி, மிக்ஸி ஜார், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பிறகு மேலே ஒரு சின்ன இழுப்பு உண்டு. “இருக்கட்டும், ஸ்ட்ராங்கா” என்பார். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வேண்டுமென்றால் அவர் ட்ரிப் முடிந்து வரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

என் கை இதற்கு நேர் எதிர். டீக்குச் சர்க்கரை போடும்போது ஸ்பூனைத் தட்டி மட்டம் பார்த்துத்தான் போடுவேன். “இவ வைக்கிற பாயசத்த சுகர்காரனுக்கு டாக்டரே எழுதிக் குடுப்பாரு” என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

தினமும் காலையில் எங்கள் வேன் சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும். அவருடைய அக்கா மகள் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கேளம்பாக்கம் தாண்டியதும் வண்டி சூடாகிப் புகை விட்டது. வீட்டுக்கு இழுத்து வந்து ஆயிலைப் பார்த்தால் பால் ஊற்றின டீ மாதிரி இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடியில் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது, ஹெட் கேஸ்கட் என்பார்கள். அது போய்விட்டால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிடும். எங்களுக்கு அது போய்விட்டிருந்தது.

வேறு நேரமாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்திருப்போம். ஆனால் அந்தப் பெண் பாவாடை கட்டிய காலத்திலேயே அவர் வாக்குக் கொடுத்திருந்தார், பெண்ணழைப்புக்குத் தாய்மாமன் நானே என் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன் என்று. போகவேண்டிய இடம் மாமல்லபுரம், மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்த மண்டபம். வாக்கோடு விட்டாரா? வண்டி படுத்துவிட்டது தெரிந்த பிறகும், “என் கையாலயே ரெடி பண்ணி எடுத்துக்கினு வரேன்” என்று அக்கா வீட்டுக்காரரிடம் சவால் வேறு விட்டுவிட்டார்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், செங்கல்பட்டில் இருக்கிறார். கார் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் செய்த எந்தக் காரியத்தையும் அவர் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. காய்கறிக் கடை வைத்தபோது, “மச்சான், வெண்டக்காய ஒடச்சிப் பாத்தா வாங்குன?” என்றவர். வேன் வாங்கியபோது டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனவர். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது இவருடைய நெடுநாள் ஏக்கம். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்குத் தெரியாதா?

ஹெட்டைக் கழற்றிச் செங்கல்பட்டு லேத்துக்காரரிடம் மட்டம் பிடித்து வாங்கி வந்தார். லேத்துக்காரரே தன் டார்க் ரெஞ்சையும் கொடுத்தனுப்பினார். நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனர்தான், ஆனால் எவ்வளவு பலம் வேண்டுமோ அதைக் கைப்பிடியிலேயே திருகி வைத்துக்கொள்ளலாம். போல்ட்டை முடுக்கும்போது அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும்.

பெண்ணழைப்புக்கு முந்தின நாள் காலை. வாசலில் வேன் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்று சத்தம் வந்தது. அதற்குப் பின்னாலேயே “ம்ம்” என்று அவருடைய முனகல். அடுத்த போல்ட்டுக்கும் ‘டக்’, பிறகு “ம்ம்”.

“இன்னா அது, டக்குனு சொன்னப்புறம் ஒரு இழுப்பு?” என்றேன்.

“அது கம்பெனிக்காரன் கணக்கு. நம்ம ரோட்டுக்கு மேல கொஞ்சம் வேணும். நீ கீரையப் பாரு.”

கீரையைப் பார்த்தேன். போல்ட்டுகளுக்குக் கொசுறு நடந்துகொண்டே இருந்தது. கடைசி போல்ட்டுக்கு வந்தபோது மனுஷனுக்கு உற்சாகம். ‘டக்’ வந்தது, இவர் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். இறுக வேண்டியது இறுகாமல் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ரெஞ்சு சுலபமாகச் சுற்றியது. பிறகு ஒரு முறிவுச் சத்தம். போல்ட்டின் தலை அவர் கையோடு வந்துவிட்டது, உடம்பு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போல்ட்டு டூப்ளிகேட்டு” என்றார்.

“ஆமா, பாவம். நீ வச்ச பாசத்தத் தாங்கல” என்றேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் நன்றாகவே கேட்டது. “இன்னா மச்சான், வண்டி வருமா? எதுக்கும் நான் ஒரு காருக்குச் சொல்லி வச்சிக்கீறேன். பொண்ணு நடுரோட்ல நிக்கக் கூடாது பாரு.”

“கார்லாம் வேணாம் மாமா. முடிஞ்சிச்சு, ஸ்டார்ட் பண்றதுதான் பாக்கி” என்றார் இவர், உடைந்த தலையைக் கையில் வைத்துக்கொண்டே.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போனை வைத்தபின் அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. அந்தக் கார் வாசலில் வந்து நின்று, அதில் பெண் ஏறி, இவர் பின்னால் பஸ்ஸில் போனால் மனுஷன் என்ன ஆவார்? லேத்துக்காரருக்கு நானே போன் போட்டேன்.

லேத்துக்காரர் வெல்டிங் பெட்டியோடு வந்தார். இருவரும் சேர்ந்து ஹெட்டைத் திரும்பவும் கழற்றி இறக்கினார்கள். உடைந்த துண்டு பிளாக்கின் மட்டத்தோடு மட்டமாக உட்கார்ந்திருந்தது. இவர் உடனே உளியையும் சுத்தியலையும் தூக்கினார்.

“அண்ணாத்த, உளிய கீழ வச்சிட்டு டீ சொல்லு” என்றார் லேத்துக்காரர்.

துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து, நட்டையும் துண்டையும் ஒட்ட வைத்தார். சூடு ஆறட்டும் என்று டீ குடித்தார். என் வீட்டுக்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார். ஆறியதும் நட்டில் ஸ்பேனரைப் போட்டு முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைத்து அசைத்து, லேத்துக்காரர் துண்டை முழுசாக வெளியே எடுத்துவிட்டார்.

பிறகு மற்ற போல்ட்டுகளைத் தலைகீழாக வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு புது போல்ட்டை வைத்தார். எங்கள் போல்ட்டுகள் எல்லாம் அதைவிட ஒரு நூல் உயரமாக இருந்தன.

“எல்லாத்தயும் இழுத்து வுட்டுக்கீற அண்ணாத்த. இதுங்க இனி உதவாது. புது செட்டு வாங்கு, கேஸ்கட்டும் புதுசா வாங்கு” என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டார்.

இவர் செங்கல்பட்டுக்கு ஓடி இரண்டையும் வாங்கி வந்தார். போல்ட் இறங்கும் ஓட்டைகளைத் துடைத்துக் காற்று அடித்தார், கேஸ்கட்டை வைத்தார், ஹெட்டை ஏற்றினார், போல்ட்டுகளைக் கையாலேயே திருகி வைத்தார். டார்க் ரெஞ்சை எடுத்தார். போல்ட்டின் மேல் வைத்தார். திரும்ப எடுத்துவிட்டார். உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

“நீ புடி” என்றார்.

“நானா?”

“என் கை சும்மா இருக்காது. உனக்குத்தான் மேல ஒரு பொட்டு குடுக்க மனசு வராது.”

பாராட்டா, திட்டா என்று கேட்க நேரமில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், முதலில் பாதி பலம், பிறகு முழுசு. எந்த போல்ட், எந்த அளவு என்று அவர் சொல்லச் சொல்ல, நான் உடம்பைச் சாய்த்து இழுத்தேன். ‘டக்’ என்றதும் நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாக ரெஞ்சை நோக்கி நீண்டது.

“யோவ், கைய எடு” என்றேன்.

எடுத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆனது. நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். புகை இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை, ஆயில் ஆயிலாகவே இருந்தது. இவர் ஆயில் பார்க்கும் கம்பியைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத” என்றார்.

“சொல்ல மாட்டேன்” என்றேன். ஊரில் சொல்லமாட்டேன் என்றுதான் அர்த்தம். வீட்டுக்குள் இதை வைத்து இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம் என்று அப்போதே மனசுக்குள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். இனி பாயசப் பேச்சை எடுக்கட்டும், பார்க்கலாம்.

மறுநாள் செங்கல்பட்டில் பெண்ணை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் அந்தக் காரை வரவழைத்திருந்தார். ஏற ஆளில்லாத அந்தக் கார் திருக்கழுக்குன்றம் தாண்டியும் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இவர் ரோட்டை ஒரு கண்ணாலும் சூடு காட்டும் முள்ளை ஒரு கண்ணாலும் பார்த்து ஓட்டினார். முள் நடுவை விட்டு அசையவில்லை. மண்டபத்து வாசலில் மேளம் அடிக்க, தாய்மாமன் வண்டியிலிருந்து பெண் இறங்கினாள்.

ராத்திரிப் பந்தியில் அண்ணன் இவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் இந்தப் பக்கம், எங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம். நான் இவருக்குப் பக்கத்து இலை. அண்ணன் நெய்யை விட்டுப் பிசைந்துகொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மச்சான், வண்டி சும்மா சொல்லக் கூடாது, தையல் மிஷின் கணக்கா வந்துச்சு. ஃபேக்டரில கூட இப்படி முடுக்க மாட்டான். கைன்னா அது கை!” என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அது. வாங்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? நானும் வாயைத் திறப்பதாக இல்லை.

இவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். “என் கை இல்ல மாமா. நான் முடுக்கி ஒடச்சிட்டேன். அப்புறம் முழுக்க முடுக்குனது இவதான்” என்றார்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். “பொண்டாட்டி போட்ட போல்ட்டுலயா வந்த? அடப்பாவி மச்சான்!” அவர் சிரிக்க, சம்பந்தி வீட்டார் சிரிக்க, பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்று சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை, இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“அண்ணா,” என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. “அவரப் பாத்து சிரிக்க நான் ஒருத்தி கீறேன். நீங்க சாப்புடுங்க.”