மெர்சிக்காக ஒரு ஜெபக்குறிப்பு

பத்துப் பதினைந்து பேர் முழங்காலில் நின்று ஒரே சமயத்தில் வாய்விட்டு ஜெபிக்கும்போது எழும் இரைச்சல் இருக்கிறதே, வாசலில் கண்டெய்னர் லாரி போனால்கூடக் கேட்காது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் அது நடக்கும். அதற்கு முன் ஒவ்வொருவரும் "ஜெபக்குறிப்பு" சொல்ல வேண்டும். மாமியாரின் மூட்டுவலி, ஹார்பர் வேலை நிரந்தரமாவது, பிள்ளையின் பரீட்சை என்று. சிறுவர்களும் சொல்லலாம்.

மெர்சி என் "தோஸ்து", அடுத்த தெரு. அவள் பாடினால் சபையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு அவளுக்குத்தான் என்று பாஸ்டர் ஐயா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "ஆண்டவரு அவளுக்குக் குரலு குட்த்துகீறாரு, உனுக்கு இன்னாத்துக்குடி வயிறு எரியுது?" என்றாள். எரிந்தது, என்ன செய்ய?

மெர்சியின் அப்பா குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்தவர். அவர் மறுபடியும் குடிக்கிறார் என்பதை அவள் என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை, அவளும் அவள் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பவ்யமாகச் சொன்னேன், பாவி: "மெர்சியோட அப்பா திரும்பவும் குடிக்கிறாரு. அவருக்காக ஜெபிச்சுக்கோங்க."

"பாரேன், இத்துனூண்டு புள்ளைக்கு அடுத்தவங்க மேல இன்னா ஆத்தும பாரம்!" என்று ஒரு அத்தை கண்கலங்கினாள். கோள் சொன்னால் முதுகில் அடி விழும் வீட்டில், அதையே ஜெபக்குறிப்பாகச் சொன்னதற்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது.

மறுவாரம் முதல் அவர்கள் வரவில்லை. தனிப்பாட்டு எனக்கு வந்தது. பாடி முடித்ததும் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். எனக்கோ எங்கே ஓடி ஒளியலாம் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டு வாசல்வரை போய்ப்போய்த் திரும்பினேன். அதற்குள் அவர்கள் எண்ணூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த முன்னறை போயிற்று. ஜெபக்குறிப்புகள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. அடுத்தவர் பெயரைப் போட்டு ஏதாவது வந்தால் இன்றும் அதை முழுதாகப் படிக்காமல் தள்ளிவிடுகிறேன்.

போன மாதம் திருவொற்றியூர் ஸ்டேஷனில் மெர்சியைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததுமே கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்த வுடு. அன்னிக்கு அல்லாரும் எங்கப்பாவுக்கு ஜெபம் பண்ணாங்களே, நீ பண்ணியா?"

"இல்லடி. கண்ணத் தொறந்துகினு உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."

"தெரியும். நானும் கண்ண மூடல."

பிடித்த கையை விடாமல் என்னைப் பிளாட்பார பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு, "அப்பா போய்ச் சேந்துட்டாரு. எனுக்காவது இப்ப பண்ணு" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தே அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். இவளுக்குக் கொடுத்ததையெல்லாம் இன்னும் கூட்டிக் கொடும், ஆண்டவரே என்று கேட்டேன். எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.